ஓடைக்கரையில் ஒரு சுற்று நடை

(பத்தாம் வகுப்பு மாணவி)

திருப்பூரில் பிறந்து வளர்ந்த நமக்குப் ‘பள்ளம்’ என்ற சொல் புதியதன்று. மழைக்காலத்தில் நீர் ஓடும் சிற்றோடையைக் கொங்கு நாட்டார் பள்ளம் என்றே அழைப்பர். அந்தப் பள்ளமே மலையில் பல இலட்சம் ஆண்டுகள் ஓடி, பாறையை அறுத்து, இருபுறமும் சுவர்போல் சரிவுகளை நிறுத்திவிட்டால் அதற்குப் பள்ளத்தாக்கு என்று பெயர். அத்தகைய பள்ளத்தாக்கில் ஓடைக்கரையோரமாக நடந்து சென்று, வேறு வழியாகத் திரும்பி, புறப்பட்ட இடத்திற்கே வந்து சேரும் சுற்று நடையை உலகெங்கும் மக்கள் விரும்பி மேற்கொள்கின்றனர். பூகோளம், பௌதிகம், கணிதம் ஆகிய மூன்று பாடங்களையும் ஒரே நாளில் கற்பிக்கும் வகுப்பறை அது என்று நான் சொல்வேன். மலைநடைக்கு அனுமதி கேட்கும் தோழியருக்கும், அனுமதி தரத் தயங்கும் பெற்றோருக்கும் பயன்படும் என்ற எண்ணத்தில் இக்கட்டுரையை எழுதுகிறேன்.

நீர் பாறையை அறுப்பது எப்படி?

தண்ணீர் மென்மையானது, பாறை வன்மையானது. பின் எப்படித் தண்ணீர் பாறையை அறுக்கிறது? தண்ணீர் தனியே வருவதில்லை என்பதே இதற்கு விடை. மலைமேலிருந்து இறங்கும் வெள்ளம் மணலையும் கூழாங்கற்களையும் உருட்டிக்கொண்டு வருகிறது. இவை ஓடையின் அடிப்பாறையில் உராய்ந்து உராய்ந்து அதைத் தேய்க்கின்றன. மரத்தை உப்புத்தாள் கொண்டு தேய்ப்பது போன்றது இது.

சுழி விழும் இடங்களில் கற்கள் ஒரே இடத்தில் சுற்றிச் சுற்றிப் பாறையில் வட்டமான குழிகளைத் தோண்டிவிடும். நம் வீட்டு ஆட்டுக்கல்லின் குழியைப் போலவே இவை வழவழப்பாக இருக்கும். சில குழிகளின் அடியில் அவற்றைத் தோண்டிய கற்களே இன்னும் கிடப்பதைக் காணலாம். இப்படி ஓடை கீழ்நோக்கி அறுத்துக்கொண்டே போக, வெயிலும் மழையும் மரவேர்களும் இருபக்கச் சரிவுகளை உடைத்துத் தள்ளுகின்றன. அதனால்தான் இளமையான மலை ஓடைகளின் பள்ளத்தாக்கு ஆங்கில எழுத்தாகிய ‘வி’ வடிவத்தில் அமைகிறது.

சரிவுகள் உடையும் வேகத்தைவிட ஓடை அறுக்கும் வேகம் மிகுதியானால், சுவர்கள் செங்குத்தாக நின்றுவிடும். அமெரிக்காவில் கொலராடோ ஆறு உண்டாக்கிய கிராண்ட் கேன்யன் இதற்குப் பெயர்பெற்ற எடுத்துக்காட்டு. அதன் நீளம் ஏறத்தாழ 446 கிலோமீட்டர். ஆழமோ சில இடங்களில் 1,800 மீட்டருக்கும் மேல். நம் அண்டை மாநிலமாகிய ஆந்திரத்தில் கடப்பைப் பகுதியிலுள்ள கண்டிக்கோட்டையில் பெண்ணாறு இதே வகையான செங்குத்துப் பள்ளத்தாக்கை உண்டாக்கியுள்ளது. தருமபுரி மாவட்டத்து ஒகேனக்கல்லில் காவிரி பாறைகளுக்கிடையே ஒடுங்கி ஓடுவதை உங்களில் பலர் பரிசலில் அமர்ந்தே பார்த்திருப்பீர்கள்.

நம் மாவட்டத்தின் பள்ளத்தாக்கு

2009ஆம் ஆண்டு திருப்பூர் தனி மாவட்டமானபோது உடுமலைப்பேட்டைப் பகுதியும் நம்மோடு சேர்ந்தது. ஆகவே ஆனைமலையின் ஒரு பகுதி இன்று நம் மாவட்டத்திற்குள்ளேயே இருக்கிறது. உடுமலையிலிருந்து மூணாறு செல்லும் சாலையில் தமிழக எல்லை முடியும் இடத்தில் சின்னார் சோதனைச்சாவடி உள்ளது. அங்கே ஓடும் சின்னாறுதான் இரு மாநிலங்களுக்கும் எல்லை. ஆற்றின் அக்கரையில் கேரளத்தின் சின்னார் வனவிலங்குச் சரணாலயம்; இக்கரையில் நம் ஆனைமலைப் புலிகள் காப்பகத்தின் அமராவதி வனப்பகுதி.

கேரளத்தில் 44 ஆறுகள் உண்டு. அவற்றுள் 41 ஆறுகள் மேற்கு நோக்கிப் பாய்கின்றன. கபினி, பவானி, பாம்பாறு ஆகிய 3 மட்டுமே கிழக்கு நோக்கி வருகின்றன. இவற்றுள் பாம்பாறு ஆனைமுடிப் பகுதியில் தோன்றி, சின்னாற்றுடன் கலந்து, அமராவதி ஆறாக நம் மாவட்டத்திற்குள் நுழைகிறது. சின்னாறும் பாம்பாறும் கூடும் இடத்திற்குக் கூட்டாறு என்று பெயர். அங்கிருந்து நீர் அமராவதி அணையை அடைந்து, தாராபுரம் வழியே சென்று, கரூருக்கு அருகில் திருமுக்கூடலில் காவிரியோடு கலக்கிறது. அணை 1957ஆம் ஆண்டு கட்டப்பட்டது. அதன் முழு நீர்மட்டம் 90 அடி.

தமிழக அரசு 2024ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் ‘ட்ரெக் தமிழ்நாடு’ என்னும் மலையேற்றத் திட்டத்தைத் தொடங்கியபோது 14 மாவட்டங்களில் 40 பாதைகளை அறிவித்தது. எளிது, மிதம், கடினம் என அவை பிரிக்கப்பட்டன. நம் மாவட்டத்திற்கெனச் சேர்க்கப்பட்ட பாதை சின்னார் சோதனைச்சாவடியிலிருந்து கூட்டாறு வரை செல்வதாகும். வனத்துறையிடம் முன்பதிவு செய்து, அவர்கள் அனுப்பும் வழிகாட்டியுடன்தான் செல்ல வேண்டும். 18 வயதுக்குட்பட்ட நம் போன்றோருக்குப் பெற்றோரின் ஒப்புதலும் வேண்டும்.

சுற்றுப்பாதையும் அதன் கணக்கும்

மலைப்பாதைகள் பொதுவாக இரு வகை. போன வழியே திரும்பி வருவது ஒன்று. சுற்றிக்கொண்டு புறப்பட்ட இடத்திற்கு வருவது மற்றொன்று. மலையைச் சுற்றி வருவது தமிழருக்குப் புதிதன்று. திருவண்ணாமலையில் ஏறத்தாழ 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையில் மக்கள் கூட்டம் கூட்டமாக நடப்பதை யாவரும் அறிவோம். சுற்றுப்பாதையில் ஒரே காட்சியை இருமுறை காண வேண்டியதில்லை. எதிரே வருவோருக்கு வழிவிட்டு ஒதுங்கும் தொல்லையும் குறைவு. போகும்போது ஓடையும் நிழலும், வரும்போது சரிவும் வெளியும் என இரு உலகங்களைக் கண்டுவிடலாம்.

ஆனால் ஓடைக்கரைச் சுற்றுப்பாதையில் ஒரு கணக்கு ஒளிந்திருக்கிறது. ஒரு தாளை எடுத்து நடுவே ஓடையாக ஒரு கோடு வரையுங்கள். கோட்டின் இடப்பக்கம் ஒரு புள்ளியில் தொடங்கி, எப்படி வேண்டுமானாலும் வளைந்து நெளிந்து சென்று, அதே புள்ளிக்குத் திரும்புங்கள். கோட்டை எத்தனை முறை வெட்டினீர்கள் என எண்ணுங்கள். எப்போதும் இரட்டைப்படை எண்தான் வரும். ஒருமுறை கடந்தால் அக்கரை. இருமுறை கடந்தால்தான் இக்கரை. மூன்று முறை கடந்தால் மீண்டும் அக்கரையில் நிற்போம்.

இதன் பொருள் என்ன? முதல் முறை ஓடையைக் கடந்தவர் இரண்டாம் முறையும் கடந்தே ஆக வேண்டும். காலை 8 மணிக்குக் கணுக்கால் அளவு நீரில் சிரித்துக்கொண்டே கடந்துவிடலாம். பிற்பகல் 2 மணிக்கு அதே ஓடையில் நீர் எவ்வளவு இருக்கும் என்று காலையில் யாரால் சொல்ல முடியும்? ஆகவே, எந்தப் பாதைக்குப் புறப்படும்போதும், “எத்தனை கிலோமீட்டர்?” என்று கேட்பதற்கு முன், “எத்தனை முறை ஆற்றைக் கடக்க வேண்டும்? பாலம் உண்டா?” என்று கேட்க வேண்டும்.

இரட்டைப்படை எண்களில் பூஜ்யமும் ஒன்று என்பதை மறந்துவிடக் கூடாது. ஓடைக்கரையோரமாக மேலே சென்று, அதே கரையின் சரிவு வழியாகத் திரும்பினால் ஓடையைக் கடக்கவே வேண்டியதில்லை. நம்மைப்போல் முதன்முறை செல்வோருக்கு அதுவே ஏற்றது.

வானம் தெளிந்திருந்தாலும் வெள்ளம் வரும்

சின்னார்ப் பகுதியில் மழை மிகக் குறைவு. தென்மேற்குப் பருவக்காற்று அரபிக்கடலிலிருந்து கொண்டுவரும் ஈரத்தை ஆனைமலையின் மேற்குச் சரிவிலேயே கொட்டிவிடுகிறது. மலையைத் தாண்டி இறங்கும் காற்று உலர்ந்த காற்று. இதனை மழைமறைவுப் பகுதி என்று பூகோளப் பாடத்தில் படித்திருக்கிறோம். அதனால் அங்கே வேலும் கள்ளியும் நிறைந்த முட்காடே மிகுதி. ஆற்றங்கரையில் மட்டும் நீர்மருது, நாவல், அத்தி, புங்கம் முதலிய மரங்கள் பச்சைக் கோடு போட்டாற்போல் நிற்கின்றன.

முட்காட்டில் நிற்கும் நம் தலைக்குமேல் வெயில் கொளுத்தும். ஆனால் நம் காலடியில் ஓடும் நீர் மறையூர், காந்தலூர், ஆனைமுடி மலைகளிலிருந்து வருவது. அங்கே மழை கொட்டினால், நமக்கு ஒரு துளியும் விழாமலே ஆறு பெருகும். பள்ளத்தாக்கு குறுகலாக இருப்பதால் நீர் பக்கவாட்டில் பரவ இடமின்றி உயரத்தில் ஏறிவிடும்.

இது கற்பனை அன்று. அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்திலுள்ள ஆன்டிலோப் கேன்யன் என்னும் குறுகிய பள்ளத்தாக்கில் 1997ஆம் ஆண்டு ஆகஸ்ட் 12ஆம் நாள் தொலைவில் பெய்த மழையால் திடீர் வெள்ளம் வந்து, உள்ளே சென்றிருந்த 11 பேரின் உயிரைப் பறித்தது. நம் மாவட்டத்திலேயே திருமூர்த்திமலையின் பஞ்சலிங்க அருவியை எடுத்துக்கொள்ளுங்கள். மேலே மலையில் மழை பெய்தால் அடிவாரத்திலுள்ள அமணலிங்கேஸ்வரர் கோயிலையே வெள்ளம் சூழ்ந்துகொள்வதையும், அருவிக்குச் செல்ல மக்களுக்குத் தடை விதிக்கப்படுவதையும் செய்தித்தாள்களில் அடிக்கடி படிக்கிறோம். தடை நீங்கும்வரை காத்திருக்க மனமின்றிக் காவலரோடு வாதாடுவோர் இந்தக் காரணத்தை அறிந்தால் வாதாடமாட்டார்கள்.

ஆற்றைப் படிப்பது எப்படி?

வெள்ளம் வருமுன் ஆறு சில அடையாளங்களைக் காட்டும். அவற்றைத் தெரிந்துகொண்டால் தப்பிக்க நேரம் கிடைக்கும்.

முதலாவது, நிறம். தெளிந்த நீர் செம்மண் நிறமாகவோ தேநீர் நிறமாகவோ மாறினால் மேலே மண் கரைகிறது என்று பொருள்.

இரண்டாவது, மிதந்து வருபவை. காய்ந்த இலைகளும் சுள்ளிகளும் நுரையும் கூட்டமாக வந்தால், அதுவரை உலர்ந்திருந்த கரையை நீர் தொட்டுவிட்டது என்று பொருள்.

மூன்றாவது, ஓசை. சலசலப்பு இரைச்சலாக மாறுவதும், நீருக்கடியில் கற்கள் ஒன்றோடொன்று மோதும் ஒலி கேட்பதும் பேராபத்தின் அறிகுறிகள்.

நான்காவது, அளவு. ஓய்வுக்கு அமரும் இடத்தில் நீரின் விளிம்பில் ஒரு குச்சியை நட்டு வையுங்கள். கால்மணி நேரம் கழித்துப் பாருங்கள். குச்சி நீருக்குள் சென்றிருந்தால் ஆறு ஏறுகிறது.

ஐந்தாவதாக, பழைய வெள்ளத்தின் எழுத்து. மரக்கிளைகளில் வைக்கோல் போன்ற சருகுகள் சிக்கிக் காய்ந்திருப்பதைக் காணலாம். பறவைக்கூடு என்று பலர் நினைப்பர். முன்பு ஒருமுறை வெள்ளம் அந்த உயரம் வரை வந்து விட்டுச்சென்ற கையெழுத்து அது! அந்த உயரத்திற்குக் கீழே ஒருபோதும் நெடுநேரம் தங்கக்கூடாது.

இவற்றில் ஒன்று தோன்றினாலும் உடனே பக்கவாட்டில் சரிவின்மேல் ஏற வேண்டும். பயந்து ஆற்றின் போக்கிலேயே கீழ்நோக்கி ஓடுவது பெருந்தவறு. வெள்ளத்தைவிட வேகமாக ஓடுவார் எவருமில்லை.

“முழங்கால் அளவு நீர்தானே!” என்று எண்ணுவதும் தவறே. ஓடும் நீர் நம்மைத் தள்ளும் விசை, அதன் வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. வேகம் இருமடங்கானால் விசை நான்கு மடங்காகும். வேகம் மும்மடங்கானால் விசை ஒன்பது மடங்காகும். காலையில் காலை வருடிய நீர் பிற்பகலில் ஆளையே புரட்டிப் போடுவது இதனால்தான்.

நேரக் கணக்கு

ஸ்காட்லாந்து நாட்டு மலையேற்ற வீரர் வில்லியம் நைஸ்மித் 1892இல் ஓர் எளிய விதியைத் தந்தார். மணிக்கு 5 கிலோமீட்டர் என நடைத்தூரத்தைக் கணக்கிட்டு, ஏறும் ஒவ்வொரு 600 மீட்டர் உயரத்திற்கும் 1 மணி நேரம் கூட்டிக்கொள்ள வேண்டும் என்பது அவ்விதி. 6 கிலோமீட்டர் சுற்றும், 300 மீட்டர் ஏற்றமும் உள்ள மிதமான பாதையை எடுத்துக்கொள்வோம். நடைக்கு 1 மணி 12 நிமிடம். ஏற்றத்திற்கு 30 நிமிடம். ஆக 1 மணி 42 நிமிடம்.

இது பழகிய ஒருவர் நில்லாமல் நடக்கும் கணக்கு. பள்ளி மாணவியர் கூட்டமாகச் செல்லும்போது கடைசியாக வருபவளின் வேகமே குழுவின் வேகம். நீர் அருந்தவும், பறவை பார்க்கவும், செருப்பு வாரைச் சரிசெய்யவும் நிற்போம். ஆகவே கணக்கை இரட்டிப்பாக்கி மூன்றரை மணி நேரம் என வைத்துக்கொள்வதே அறிவுடைமை. பள்ளத்தாக்கில் சூரியன் சரிவுக்குப் பின்னால் முன்கூட்டியே மறைந்துவிடும். யானைகள் நீருக்கு வரும் நேரமும் மாலைதான். எனவே காலையில் புறப்பட்டு, வெயில் சாயுமுன் முடித்துவிட வேண்டும்.

புறப்படும் முன்பே “இத்தனை மணிக்கு எங்கே இருந்தாலும் திரும்புவோம்” என்று ஒரு நேரத்தைக் குறித்துக்கொள்வது நல்லது. சுற்றுப்பாதையில் பாதித் தூரத்தைத் தாண்டிவிட்டால், திரும்புவதும் முன்செல்வதைப் போன்றே நெடுந்தூரமாகிவிடும். ஆகவே அந்த முடிவைப் பாதி வழிக்கு முன்னரே எடுக்க வேண்டும். ஆற்றைக் கடக்கும் பாதையானால், முதன்முறை கடப்பதற்கு முன்னரே எடுக்க வேண்டும்.

எந்த மாதத்தில் செல்லலாம்? ஜூன் முதல் ஆகஸ்ட் வரை தென்மேற்குப் பருவமழையால் பாம்பாறு பெருகும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. கோடையில் காடு காய்ந்து தீப்பற்றும். 2018ஆம் ஆண்டு மார்ச் 11ஆம் நாள் தேனி மாவட்டம் குரங்கணியில் மலைநடை சென்றவர்கள் காட்டுத்தீயில் சிக்கி 20க்கும் மேற்பட்டோர் உயிரிழந்த துயரத்தை நாடறியும். ஈரோடு, திருப்பூர்ப் பகுதிகளிலிருந்து சென்றவர்களும் அங்கே இருந்தனர். அதனால்தான் கோடைத் தொடக்கத்தில் வனத்துறை பாதைகளை மூடுகிறது. இரு மழைகளும் ஓய்ந்து, தீக்காலம் தொடங்காத ஜனவரி மாதமும் பிப்ரவரித் தொடக்கமும் நமக்கு ஏற்றவை.

உடுத்துவதும் எடுத்துச் செல்வதும்

பனியன் நகரத்துப் பெண்களாகிய நமக்கு இந்தப் பாடம் எளிது. பருத்தி தன் எடையில் ஏறத்தாழ 8.5 சதவீதம் ஈரத்தைக் காற்றிலிருந்தே உறிஞ்சி வைத்துக்கொள்ளும், பாலியெஸ்டர் 0.4 சதவீதமே வைத்துக்கொள்ளும். வியர்வையில் நனைந்த பருத்திப் பனியன் மெல்லத்தான் உலரும். வெயிலில் அது உடலைக் குளிர்விப்பதால் நன்மையே. மழையிலோ ஆற்றிலோ நனைந்தபின் காற்று வீசினால் அதே குளிர் நடுக்கத்தைத் தரும். ஆகவே முட்காட்டு வெயிலுக்கு மெல்லிய, முழுக்கை வைத்த, தளர்வான பருத்தி உடை ஏற்றது. மாற்றுப் பனியன் ஒன்றை நீர்புகாத உறையில் சுற்றிப் பையில் வைத்துக்கொள்ள வேண்டும். கனமான துணி வேண்டாம். என் தந்தை பணிபுரியும் கம்பெனியில் துணியைத் தொட்டுப் பார்த்தே அதன் ஜிஎஸ்எம் எவ்வளவு எனச் சொல்லும் மாஸ்டர்கள் உண்டு. அவர்களைக் கேட்டால் நல்லதாகத் தேர்ந்து தருவார்கள். பளபளக்கும் சிவப்பும் மஞ்சளும் தவிர்த்து, பச்சை, பழுப்பு, சாம்பல் நிறங்களை உடுத்துவது காட்டுக்கு மரியாதை.

ஆளுக்கு 2 லிட்டர் குடிநீர், புளிசாதம், கடலைமிட்டாய், நெல்லிக்காய், சிறு மருந்துப்பை, விசில் ஆகியவை போதும். காலுக்குப் பிடியுள்ள காலணி வேண்டும். பாசி படிந்த பாறையில் ஹவாய்ச் செருப்பு வழுக்கிவிடும். பிளாஸ்டிக் உறைகளில் பண்டங்கள் வேண்டாம்.

காட்டில் நாம் விருந்தினர்

சின்னார்ப் பள்ளத்தாக்கு பல உயிர்களின் இல்லம். யானை, காட்டெருமை, புள்ளிமான் ஆகியன ஆற்றுக்கு நீர் அருந்த வருகின்றன. அரிய இனமாகிய நரை அணில் ஆற்றங்கரை மரங்களின் உச்சியில் கூடு கட்டுகிறது. ஒரு மரத்திலிருந்து மறுமரத்திற்குத் தாவிச் செல்ல அதற்குக் கிளைகள் இணைந்திருக்க வேண்டும். கரையோர மரங்கள் வெட்டப்பட்டால் அதன் வழி அறுந்துவிடும். முட்காட்டில் நட்சத்திர ஆமையும் உண்டு. அமராவதி நீர்த்தேக்கத்திலும் ஆற்றின் ஆழமான மடுக்களிலும் முதலைகள் வாழ்கின்றன. அணைக்கருகில் 1970களில் அமைக்கப்பட்ட முதலைப்பண்ணையை நாம் சிறு வகுப்புச் சுற்றுலாவில் பார்த்திருக்கிறோம். ஆகவே தெளிந்த மடுவைக் கண்டதும் நீராட இறங்கும் ஆசையை அடக்கிக்கொள்ள வேண்டும்.

அந்தக் காட்டை நன்கறிந்தவர்கள் முதுவர், புலையர் ஆகிய பழங்குடி மக்களே. மலைப் புத்தகத்தை எழுத்தின்றியே படிக்கத் தெரிந்தவர்கள் அவர்கள். வழிகாட்டி “பேசாதீர்கள்” என்றால் பேசக்கூடாது. “நில்லுங்கள்” என்றால் நிற்க வேண்டும். ஏன் என்று பிறகு கேட்டுக்கொள்ளலாம்.

திரும்பி வந்த நடை

சென்ற டிசம்பரில் எங்கள் வகுப்பிலிருந்து 16 பேர், ஆசிரியையர் இருவரோடு சின்னாற்றுக் கரையில் நடந்தோம். 42 பேரில் மற்றவர்களின் வீடுகளில் கையெழுத்துக் கிடைக்கவில்லை. வானம் நீலமாக இருந்தது. ஓய்வுக்கு அமர்ந்தபோது வழிகாட்டி நீர் விளிம்பில் ஒரு குச்சியை நட்டார். நாங்கள் புளிசாதம் உண்டு முடிப்பதற்குள் அது நீருக்குள் இரண்டு விரற்கடை சென்றிருந்தது. காய்ந்த இலைகளும் மிதந்து வந்தன. அவர் ஒரு சொல்லும் கூறாமல் பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டார். கூட்டாற்றைக் காணாமலே திரும்பினோம். பலரின் முகம் வாடியது, ஒருத்தி அழுதேவிட்டாள்.

பிறகு ஆற்றில் வெள்ளம் வந்ததா என்று பார்க்க நாங்கள் அங்கு இல்லை. வந்திருந்தால்தான் அவர் செய்தது சரி என்பதில்லை. வராமல் போயிருந்தாலும் அவர் செய்தது சரியே. குச்சி நனைந்தபோது அறிந்ததை வைத்து முடிவெடுத்தார். தேர்விலும் வாழ்விலும் பிறகு தெரியவருவதை வைத்து முன்கூட்டி முடிவெடுக்க எவராலும் இயலாது அன்றோ?

பெற்றோரே! பெண்பிள்ளைகளை மலைக்கு அனுப்ப நீங்கள் அஞ்சுவது அன்பினால்தான் என்பதை நாங்கள் அறிவோம். கம்பெனியில் செக்கிங் பிரிவிலும் அயர்ன் பிரிவிலும் ஆறு நாள் நின்றுகொண்டே உழைத்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை ஒரு நாள் எங்களோடு இருக்க விரும்பும் அம்மாக்களுக்கு அந்த நாளையும் விட்டுத்தர மனம் வராது. ஆனால் ஆபத்து மலையில் மட்டும் இல்லை. 2011ஆம் ஆண்டு நவம்பரில் நம் திருப்பூரிலேயே திடீர் வெள்ளம் வந்து, நீர்க்கரையில் குடியிருந்தோரைத் தவிக்கவிட்டதைப் பெரியோர் சொல்லக் கேட்டிருக்கிறோம். நீரின் நிறமும் ஓசையும் சொல்லும் செய்தியை அறிந்த பெண், மலையிலும் தப்புவாள்; தெருவிலும் தன் தம்பி தங்கையரைக் காப்பாள்.

மற்றொரு நன்மையும் உண்டு. வெள்ளியங்கிரி மலையில் தெளிவாகப் பிறக்கும் நொய்யல், நம் நகரில் சாயக்கழிவால் நிறம் மாறியதும், 1990களில் பயன்பாட்டுக்கு வந்த ஒரத்துப்பாளையம் அணை பாசனத்திற்கு உதவாமல் கழிவுநீர்த் தேக்கமானதும், 2011 ஜனவரியில் உயர்நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூட ஆணையிட்டதும் நாம் அறிந்த வரலாறு. நீரைச் சுத்திகரித்து ஒரு துளியும் வெளியே விடாத முறை அதன்பின்தான் வலுப்பெற்றது. ஆறு என்றால் இப்படித்தான் இருக்கும் என்று நினைத்து வளர்ந்த எங்களுக்கு, அடியிலுள்ள கூழாங்கல்லைக் காட்டிக்கொண்டு ஓடும் சின்னாறு ஒரு புதிய செய்தி. அமராவதியும் நொய்யலும் காவிரியில்தான் கலக்கின்றன. ஒன்றை மலையில் கண்டவர், மற்றொன்று நகரில் எப்படி இருக்க வேண்டும் என்று கேட்கத் தொடங்குவார்.

அடுத்த ஆண்டு பத்தாம் வகுப்புக்கு வரும் தங்கையரே! உங்களுக்கு அனுமதி கிடைக்கும் என நம்புகிறேன். ஜனவரியில் செல்லுங்கள். காலையிலேயே புறப்படுங்கள். எத்தனை முறை ஆற்றைக் கடக்க வேண்டும் என்று முதலில் கேளுங்கள். அமரும் இடத்தில் மறவாமல் ஒரு குச்சியை நட்டு வையுங்கள். அது நனையாமல் இருந்தால் கூட்டாறு வரை சென்று, இரு ஆறுகள் ஒன்றாகும் அழகைக் கண்டு வந்து, அடுத்த மலரில் எங்களுக்கும் எழுதுங்கள். நனைந்துவிட்டால் திரும்பிவிடுங்கள், ஆறு அங்கேயேதான் இருக்கும்.